இணையத்தில் பொருள் விற்கும்போது பணம் உண்மையிலேயே வந்துவிட்டதா என்று உறுதி செய்வது எப்படி?

வீட்டில் பயன்படாமல் கிடக்கும் கட்டிலையோ, மாற்ற நினைக்கும் செல்பேசியையோ, பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஒதுக்கி வைத்த சைக்கிளையோ படம் எடுத்து ஓஎல்எக்ஸ், முகநூல் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் போட்டால் சற்று நேரத்திலேயே அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. அவற்றுள் பொருளை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்காமல், ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லாமல், முழுத் தொகையையும் இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லும் அழைப்பும் ஒன்றிரண்டு இருக்கும். விற்பவர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டியது அத்தகைய அழைப்பில்தான். பழைய பொருளை வாங்குபவர் அதைத் திருப்பிப் பார்ப்பதும், குறை சொல்வதும், விலையைக் குறைக்கக் கேட்பதும்தான் இயல்பு.

இணைய மோசடி என்றவுடன் பணம் கட்டிவிட்டுப் பொருள் வராமல் ஏமாறும் வாங்குபவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். விற்பவரும் ஏமாற்றப்படுகிறார், அது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று, பணம் வந்துவிட்டதாக நம்பிப் பொருளைக் கொடுத்துவிடுவது. மற்றொன்று, பணம் பெறுவதாக நம்பிக்கொண்டே தம் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பிவிடுவது. முதலாவதில் இழப்பு பொருளின் மதிப்போடு நின்றுவிடும். இரண்டாவதில் கணக்கில் இருக்கும் தொகை முழுவதும் போகக்கூடும் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

பணம் பெறுவதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை

இந்தியத் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2016-இல் அறிமுகப்படுத்திய யுபிஐ முறையில், பணத்தை அனுப்புபவர்தான் எல்லா வேலையையும் செய்கிறார். பெறுபவர் தம் செல்பேசி எண்ணையோ, யுபிஐ முகவரியையோ, தமது கியூஆர் கோடையோ தந்தால் போதும். அதன்பின் அவர் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டியதில்லை, எந்த எண்ணையும் உள்ளிட வேண்டியதில்லை, எதற்கும் ஒப்புதல் தர வேண்டியதில்லை. யுபிஐ பின் என்பது பணம் அனுப்பவும், தானாகப் பணம் பிடிக்கும் ஆட்டோபே வசதிக்கு ஒப்புதல் தரவும், கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்க்கவும் கேட்கப்படுவது. பணம் உங்களிடம் வருவதற்கு அது ஒருபோதும் தேவைப்படாது. ஓடிபி எண்ணும் அப்படித்தான்.

இந்த ஒரு செய்தியை அறியாதவர்களைக் குறிவைத்தே கியூஆர் கோடு மோசடி பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. அழைப்பவர் தம்மை இராணுவத்திலோ துணை இராணுவப் படையிலோ பணியாற்றுபவர் என்று அறிமுகப்படுத்திக்கொள்வார். சீருடை அணிந்த படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை ஆகியவை வாட்ஸ்அப்பில் வந்து சேரும். பணியிடத்தை விட்டு வர இயலாது, பொருளை எடுத்துச் செல்ல ஆள் அனுப்புகிறேன், பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன் என்பார். பிறகு ஒரு கியூஆர் கோடை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்க சார், எங்க டிபார்ட்மென்ட்ல பணம் இப்படித்தான் வரும்" என்பார். நம்பிக்கையூட்டுவதற்காக முதலில் ஐந்து ரூபாயோ பத்து ரூபாயோ உண்மையாகவே உங்கள் கணக்கில் போடுவதும் உண்டு. கோடின் மேலே "15,000 ரூபாய் பெறுவதற்கு" என்று எழுதியிருக்கலாம். அந்த எழுத்து எவராலும் தட்டச்சு செய்யக்கூடிய வெறும் எழுத்து. ஸ்கேன் செய்தவுடன் திறப்பது பணம் செலுத்தும் பக்கம். பின் எண்ணை இட்டதும் 15,000 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். "தவறிப் போய்விட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு கோடை ஸ்கேன் செய்யுங்கள்" என்று பதற்றத்தைப் பயன்படுத்தி மீண்டும் மீண்டும் பறிப்பது இதன் அடுத்த கட்டம். நாட்டுக்காக உழைப்பவர்கள் மீது நம் மக்கள் வைத்திருக்கும் மதிப்பை இப்படிப் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்குகிறது. அடையாள அட்டையின் படம் எதையும் நிரூபிப்பதில்லை. முன்பு ஏமாற்றப்பட்ட ஒருவரின் அட்டையாகக்கூட அது இருக்கலாம்.

யுபிஐயில் பணம் கேட்டு அனுப்பும் வேண்டுகோளை வைத்தும் இதே மோசடி நடந்தது. ஒரு தனிநபர் மற்றொரு தனிநபருக்கு அத்தகைய வேண்டுகோள் அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுள்ளது. ஆனாலும் வணிகர்கள் பெயரில் வேண்டுகோள் வரக்கூடும் என்பதால், அறிமுகமில்லாத நிறுவனப் பெயரில் ஒப்புதல் கேட்டு எது வந்தாலும் நிராகரித்துவிடுங்கள். பின் எண் கேட்கவில்லை, ஆகவே ஆபத்தில்லை என்று எண்ணுவதும் சரியல்ல. சிறு செலவுகளுக்கான யுபிஐ லைட் வசதியில் சிறு தொகைகள் பின் இல்லாமலேயே போய்விடும். பின் எண்ணுக்குப் பதிலாகக் கைரேகையாலோ முகத்தாலோ ஒப்புதல் தரும் வசதியும் இப்போது வந்திருக்கிறது.

ஆகவே விற்பவர் பின்பற்ற வேண்டிய நடைமுறை மிகவும் எளியது. கியூஆர் கோடை நீங்கள் காட்டுங்கள். வாங்குபவர் ஸ்கேன் செய்யட்டும். வாங்குபவர் அனுப்பும் கோடையோ, இணைப்பையோ, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பையோ திறக்க வேண்டாம். "எப்படிப் பணம் பெறுவது என்று நான் காட்டுகிறேன்" என்று சொல்லி உங்கள் திரையைத் தொலைவிலிருந்து பார்க்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகளை நிறுவச் சொன்னாலும், வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் திரையைப் பகிரச் சொன்னாலும் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் திரையைப் பார்க்க முடிந்தவருக்கு உங்கள் ஓடிபி எண்ணும் தெரியும். அடிக்கடி பொருள் விற்பவராக இருந்தால், சம்பளமும் சேமிப்பும் இருக்கும் கணக்கை இதற்குப் பயன்படுத்தாமல், குறைந்த இருப்பு கொண்ட தனிக் கணக்கு ஒன்றை யுபிஐயுடன் இணைத்துக்கொள்வது நல்லது. அப்போது எந்தப் பிழை நேர்ந்தாலும் இழப்பு அந்தக் கணக்கோடு நின்றுவிடும்.

ஸ்கிரீன்ஷாட்டும் குறுஞ்செய்தியும் ரசீது ஆகா

பணம் வந்ததற்குச் சான்று உங்கள் வங்கிக் கணக்கில் பதிவாகியிருக்கும் வரவு மட்டுமே. வாங்குபவரின் திரையில் தெரியும் பச்சை நிற டிக் குறியும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டும், உங்கள் செல்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் சான்றுகள் அல்ல. போன்பே, கூகுள் பே, பேடிஎம் ஆகியவற்றின் தோற்றத்தை அப்படியே காட்டும் போலிச் செயலிகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் பெறுபவரின் பெயரையும் தொகையையும் இட்டால், ஒலியுடனும் பரிவர்த்தனை எண்ணுடனும் வெற்றித் திரை தோன்றும். ஒரு பைசாவும் எங்கும் நகர்ந்திருக்காது. எதிரில் நின்று கண்முன்னே அனுப்பினார் என்பதும் இதனால் பாதுகாப்பு ஆகாது.

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை, வங்கிகள் அனுப்பும் வரவுச் செய்தி பத்து இலக்கச் செல்பேசி எண்ணிலிருந்து வராது. வங்கியின் பெயரைக் குறிக்கும் எழுத்துகளைக் கொண்ட தலைப்பிலிருந்து வரும். "உங்கள் கணக்கில் 20,000 ரூபாய் வரவு வைக்கப்பட்டது" என்று ஒரு தனிநபர் எண்ணிலிருந்து செய்தி வந்தால், அது வாங்குபவரே தட்டச்சு செய்து அனுப்பியது என்று கொள்ளலாம். தலைப்பு சரியாகத் தெரிந்தாலும் கணக்கைத் திறந்து பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம் என்பதே என் கருத்து.

சரிபார்க்கும் முறை இதுதான். உங்கள் செல்பேசியில், உங்கள் கையால், உங்கள் வங்கியின் செயலியைத் திறந்து, கணக்கு விவரத்தில் அந்தத் தொகை, நேரம், அனுப்பியவர் பெயர் ஆகியவற்றைப் பாருங்கள். ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனைக்கும் அதைத் தனியே அடையாளம் காட்டும், 12 இலக்கங்கள் கொண்ட யுடிஆர் எண் ஒன்று உண்டு. வாங்குபவர் காட்டும் எண் உங்கள் கணக்கு விவரத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே தவிர, அவர் திரையில் ஓர் எண் இருக்கிறது என்பதைக்கொண்டு நிறைவடையக் கூடாது. இணையம் கிடைக்காத இடத்தில் இருந்தால், பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்து இருப்பை அறியும் வசதியைப் பல வங்கிகள் தருகின்றன. அந்த எண்ணைப் பொருள் விற்கப் போகும் முன்பே செல்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய இருப்பு எவ்வளவு என்பதையும் குறித்துக்கொண்டால்தான் வித்தியாசம் தெரியும்.

"என் கணக்கில் பணம் பிடித்துவிட்டார்கள், சர்வர் பிசி, கொஞ்ச நேரத்தில் உங்களுக்கு வந்துவிடும்" என்று சொல்பவர் உண்மையானவராகவும் இருக்கலாம். யுபிஐயில் பரிவர்த்தனை நிலுவையில் நிற்பது நடக்கக்கூடியதே. அனுப்புபவரின் கணக்கில் பிடித்த பணம் பெறுபவருக்குச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகத் திரும்பிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019-இல் வகுத்த விதி. அதாவது, பணம் உங்களிடம் வந்து சேரும் அல்லது அவரிடம் திரும்பிப் போகும். காத்திருப்பதால் நேர்மையான வாங்குபவருக்கு நிலையான இழப்பு எதுவும் இல்லை. பொருளைக் கொடுத்தபின் பணம் அவருக்கே திரும்பினால் இழப்பு உங்களுக்குத்தான். இதைப் பணிவோடு சொல்லி, வரவு தெரிந்ததும் பொருளைத் தருகிறேன் என்று கூறுவதில் தவறில்லை. வயதில் மூத்தவரிடம், அல்லது குடும்பத்தோடு வந்து நிற்பவரிடம் "இன்னும் வரவில்லை" என்று சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தை எதிர்பார்த்துத்தான் மோசடிக்காரர்கள் அவசரப்படுத்துகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதலாக அனுப்பிவிட்டேன் என்னும் மோசடியும் இந்த வகையைச் சேர்ந்ததே. 2,000 ரூபாய்க்குப் பதிலாக 20,000 ரூபாய் அனுப்பிவிட்டதாகவும், மருத்துவமனைச் செலவுக்கு வைத்திருந்த பணம் என்றும், மீதி 18,000 ரூபாயை உடனே திருப்பித் தருமாறும் அழுகுரலில் ஒருவர் கேட்பார்; கூடவே வரவுச் செய்தியும் வந்திருக்கும். கணக்கைப் பார்த்தால் எதுவும் வந்திருக்காது. உண்மையாகவே கூடுதல் பணம் வந்திருந்தாலும், அவர் சொல்லும் வேறோர் எண்ணுக்கு அனுப்பாமல், தம் வங்கியில் தவறான பரிவர்த்தனை என்று முறையிடச் சொல்லுங்கள். உங்கள் வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள்.

நடுவில் நிற்கும் மூன்றாம் ஆள்

கார், பைக், விலையுயர்ந்த கேமரா, மடிக்கணினி ஆகியவற்றை விற்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய மோசடி ஒன்று உண்டு. இதில் உண்மையான விற்பவரும் உண்மையான வாங்குபவரும் நேரில் சந்தித்துக்கொள்கிறார்கள், அப்படியும் ஏமாறுகிறார்கள். விளம்பரம் கொடுத்த உங்களை ஒருவர் அழைத்து, விலைக்கு ஒப்புக்கொண்டு, விளம்பரத்தை நீக்கச் சொல்வார். உங்கள் படங்களையே பயன்படுத்திக் குறைந்த விலையில் வேறொரு விளம்பரம் போட்டு, உண்மையாகவே வாங்க விரும்பும் ஒருவரைப் பிடிப்பார். உங்களிடம், "என் மச்சான் வந்து வண்டியைப் பார்ப்பார், அவருக்கு நான் கொஞ்சம் பணம் தர வேண்டியிருக்கிறது, அதனால் விலையைப் பற்றி அவரிடம் எதுவும் பேச வேண்டாம்" என்பார். அந்த வாங்குபவரிடம், "வண்டி என் சித்தப்பா வீட்டில் நிற்கிறது, பணத்தை எனக்குத்தான் அனுப்ப வேண்டும், அவரிடம் விலை பேசாதீர்கள்" என்பார். வந்தவர் வண்டியைப் பார்த்து, பிடித்துப்போய், அங்கேயே நின்றுகொண்டு பணத்தை மோசடிக்காரரின் கணக்குக்கு அனுப்புவார். உங்களுக்கு மோசடிக்காரரிடமிருந்து ஒரு போலி ஸ்கிரீன்ஷாட் வரும். அவர் மறைந்துவிட, வண்டிக்கு உரியவரும் பணம் கட்டியவரும் ஒருவரையொருவர் திருடர் என்று குற்றம் சாட்டிக்கொண்டு காவல் நிலையத்தில் நிற்பார்கள்.

இதை முறியடிக்க எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை. பொருளைப் பார்க்க வந்தவரிடம், "நீங்கள் எவ்வளவு தருகிறீர்கள், யார் கணக்குக்கு அனுப்புகிறீர்கள்?" என்று நேரடியாகக் கேளுங்கள். விலையைப் பேசக் கூடாது என்று யாராவது சொன்னால், அதுவே இந்த மோசடியின் அடையாளம். பார்ப்பவர், விலை பேசுபவர், பணம் அனுப்புபவர், பொருளை எடுத்துச் செல்பவர் ஆகிய நால்வரும் ஒரே ஆளாகவோ, உங்கள் முன்னால் நிற்கும் ஒரே குடும்பத்தினராகவோ இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியவர் யார் என்று பார்ப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. மோசடியில் பறித்த பணத்தைக் கொண்டே சிலர் தங்க நாணயமோ செல்பேசியோ வாங்குகிறார்கள். பணம் உண்மையாகவே உங்கள் கணக்கில் வரும், பொருளையும் கொடுத்துவிடுவீர்கள். பணத்தை இழந்தவர் வேறோர் ஊரில் புகார் கொடுத்ததும், அந்தப் பணம் சென்ற கணக்குகள் வரிசையாக முடக்கப்படும்போது உங்கள் கணக்கும் அதில் சிக்கக்கூடும். வரவில் தெரியும் பெயர் வந்து நிற்பவரின் பெயரோடு பொருந்தாவிட்டால் விளக்கம் கேளுங்கள். பொருந்தாத பெயரில் பெரிய தொகையை ஏற்காமல் இருப்பது மேலானது. விளம்பரம், உரையாடல், விற்பனைச் சீட்டு, வாங்கியவரின் அடையாள அட்டை நகல் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தால், நீங்கள் நேர்மையாகப் பொருள் விற்றவர் என்று வங்கிக்கும் காவல் துறைக்கும் காட்ட இயலும்.

வீட்டிலிருந்து புடவை, நகை விற்பவர்களுக்கு

இன்ஸ்டாகிராம் நேரலையிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் புடவை, கவரிங் நகை, தின்பண்டம் விற்கும் பெண்களின் நிலை சற்று வேறு. ஒரே மாலையில் பல ஆர்டர்கள் வரும். "அக்கா, பணம் போட்டாச்சு" என்று ஸ்கிரீன்ஷாட்டுகள் குவியும். எல்லாம் சிறு தொகைகள் என்பதால் ஒவ்வொன்றையும் சரிபார்ப்பது பெரும் வேலையாகத் தோன்றும். பழைய ஸ்கிரீன்ஷாட்டின் தேதியை மாற்றி அனுப்புபவர்களும், ஒரே ஸ்கிரீன்ஷாட்டை இருவர் பெயரில் அனுப்புபவர்களும் இந்த நெரிசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆர்டர் வந்தவுடன் அனுப்பாமல், நாளுக்கு ஒரு நேரத்தை ஒதுக்கி, வங்கிக் கணக்கு விவரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வரவு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர்டர் எண்ணைக் குறித்து, குறிக்கப்பட்டவற்றை மட்டும் கூரியருக்குக் கட்டுங்கள். பணம் அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் ஆர்டர் எண்ணை எழுதச் சொல்வது இந்த வேலையைப் பாதியாகக் குறைத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் கேட்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, யுடிஆர் எண்ணை மட்டும் கேட்பது இன்னும் சிறந்தது.

கூரியர் ஆளிடம் பணம் கொடுத்து அனுப்புகிறேன், அதற்கு முன் காப்பீட்டுக் கட்டணமோ பதிவுக் கட்டணமோ நீங்கள் கட்டினால் சேர்த்துத் தந்துவிடுவார்கள் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். விற்பவர் பணம் பெறுவதற்காக முன்கூட்டிப் பணம் கட்ட வேண்டிய முறையான விற்பனை எதுவும் கிடையாது.

பெரிய தொகையும் காசோலையும்

காசோலையைக் கணக்கில் போட்டவுடன் தெரியும் வரவு இறுதியானது அல்ல; அது பணமாகி, எடுக்கக்கூடிய இருப்பில் சேர்ந்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். டிமாண்ட் டிராப்டும் போலியாக இருக்கலாம் என்பதால், வழங்கிய வங்கிக் கிளையில் விசாரித்துக்கொள்ளுங்கள். ரொக்கமாக வாங்குவதானால், ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வாகன விற்பனையில் ஆர்.சி., சாவி, உரிமை மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட படிவம் 29, படிவம் 30 ஆகிய எல்லாம் முழுத் தொகையும் கணக்கில் வந்த பிறகே கைமாற வேண்டும். முடிந்தால் இருவரும் வங்கிக் கிளைக்கே சென்று பரிமாறிக்கொள்ளுங்கள்.

ஏமாந்துவிட்டால்

உங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், முதல் வேலையாகச் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்; வெட்கப்பட்டுக்கொண்டு ஓரிரவு காத்திருப்பதுதான் பெரும் இழப்பாகிறது. மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கு வேகமாக நகர்த்தப்படும். அது எடுக்கப்படுவதற்குள் புகார் சென்றால் இடையிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம், பணம் சென்ற யுபிஐ முகவரி, உங்கள் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் விவரங்களைப் பதிவு செய்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே நேரத்தில் வங்கிக்கும் தெரிவியுங்கள். அட்டையின் பின்புறத்திலோ வங்கியின் செயலியிலோ உள்ள எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும். கூகுளில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களில் போலியானவையும் கலந்திருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளர் தம் பின் எண்ணையோ ஓடிபியையோ பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும்; தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும். தெரிவித்த நேரம் இவ்வளவு முக்கியமானது என்பதால், புகார் எண்ணையும் நேரத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

பணம் வராமல் பொருள் மட்டும் போயிருந்தால், உரையாடல்களையும் போலி ஸ்கிரீன்ஷாட்டையும் அழிக்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். போனது செல்பேசி என்றால், ஒவ்வொரு செல்பேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண்ணைக் குறிப்பிட்டு, புகாரின் நகலைக் கொண்டு தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்கக் கோரலாம். இதற்காகவே, விற்பதற்கு முன் அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏமாற்ற முயன்று தோற்றவரின் எண்ணையும், அதே தளத்தில் மோசடி அழைப்புகளைத் தெரிவிப்பதற்கான சக்ஷு பகுதியில் தெரிவியுங்கள். அவர் அடுத்து அழைக்கப்போவது உங்களைப் போன்ற இன்னொருவரைத்தான்.

புகார் கொடுத்த சில நாட்களில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஒரு சிறு கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று சைபர் கிரைம் அதிகாரி பெயரில் அழைப்பு வரலாம். காவல் துறை அப்படிக் கட்டணம் கேட்பதில்லை. வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி இணையத்தில் முறையிடலாம். அப்போது வங்கிக்கு நீங்கள் அனுப்பிய புகாரின் நகலும் தேதியும் கேட்கப்படும்.